பட்டினி கிடக்க முன்வந்த 36 பேரும் நம்ம எடை மெஷினும்

1/
டயட் இருந்து பத்து கிலோ குறைச்சுட்டு, அடுத்த வருஷமே பன்னிரண்டு கிலோ ஏத்திக்கிட்டவங்க நம்மில் ஏராளம். "எனக்கு வாயைக் கட்டத் தெரியல டாக்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். கூட வந்தவங்களும் "அதைத்தான் நாங்களும் சொல்றோம்"னு ஒத்து ஊதுவாங்க. அப்படித் தலைகுனிந்தவர்களுக்காகத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். ஒரு டீயோட உட்காருங்க. சர்க்கரை மட்டும் கம்மியா!

2/
"கம்மியா சாப்பிடு, நிறைய நட. அவ்வளவுதானே?" இந்த ஒரு வரிக்குப் பின்னால 400 வருஷ வரலாறு இருக்கு. வரி தப்பில்லை. ஆனா அதுல பாதி உண்மைதான் இருக்கு. மீதிப் பாதி தெரிய வந்தது 1945ல, 36 இளைஞர்கள் ஆறு மாசம் அரைப்பட்டினி கிடந்தபோது. அவங்க கதைக்கு வர்றதுக்கு முன்னாடி, இந்தக் கணக்கு எங்கே ஆரம்பிச்சதுன்னு வேகமா பாத்துடுவோம்.

3/
இத்தாலியில் பதுவா நகரம். அங்கே சாங்டோரியஸ் என்று ஒரு மருத்துவப் பேராசிரியர். மனுஷன் ஒரு பெரிய தராசுல நாற்காலியைத் தொங்கவிட்டு, அதுல உட்கார்ந்துதான் சாப்பிடுவார். சாப்பிட்டது, குடிச்சது, மலம், சிறுநீர், தன் எடை என்று எல்லாத்தையும் எடை போட்டுக் குறிச்சு வைப்பார். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஏறத்தாழ 30 வருஷம். 1614ல அதைப் புத்தகமா போட்டார்.

4/
அவர் கண்டது: உள்ளே போனது 8 பவுண்டுன்னா, மலம் சிறுநீரா வெளியே வர்றது 3 பவுண்டுதான். மீதி 5 பவுண்டு எங்கே? கண்ணுக்குத் தெரியாத வியர்வையா போகுதுன்னு சொன்னார். பாதிக்கு மேல சரி. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நீராவி போகுது. கூடவே கார்பன் டை ஆக்சைடும் போகுது. ஆனா அந்தக் காற்றைப் பற்றி அவர் காலத்துல யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

5/
உங்களுக்கும் ஒரு கேள்வி. பத்து கிலோ கொழுப்பு "கரைஞ்சா" அது எங்கே போகும்? வியர்வை, மலம், வெப்பம் என்று பல பதில் வரும். உண்மையில் சுமார் 8.4 கிலோ மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடா போயிடுது. மீதி 1.6 கிலோ தண்ணீரா வெளியேறுது. நாம கொழுப்பை ஊதித்தான் வெளியே தள்றோம். அதுக்காக நாற்காலியில உட்கார்ந்து வேகமா மூச்சு விட்டா எடை குறையாது. தலைதான் சுத்தும்!

6/
இந்த மூச்சு ரகசியத்தைத் திறந்தவர் பாரிஸ் நகரத்து லவாய்சியர். 1782-83 குளிர்காலத்துல அவரும் லப்லாஸும் ஒரு கினிப் பன்றியைப் பாத்திரத்துக்குள்ள வெச்சு, சுத்திலும் பனிக்கட்டியை நிரப்பினாங்க. உடம்புச் சூட்டில் எவ்வளவு பனி உருகுதுன்னு பார்த்து, அது எவ்வளவு வெப்பம் வெளியிடுதுன்னு கணக்குப் போட்டாங்க. அது வெளியிடுற கார்பன் டை ஆக்சைடையும் அளந்தாங்க. கரி எரியறதும் உயிர் மூச்சு விடுறதும் ஒரே மாதிரி வேலைன்னு தெரிய வந்தது. அடுப்பு வேகமா எரியுது, உடம்பு நிதானமா எரியுது.

7/
லவாய்சியர் அரசுக்கு வரி வசூலிக்கும் கம்பெனியில் பங்குதாரராகவும் இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் அதையே குற்றமாக்கி 1794 மே மாதம் அவர் தலையைக் கில்லட்டினில் வெட்டினாங்க. ஆனா அவர் போட்ட பாதை நிற்கல. அடுத்த நூறு வருஷத்துல அது கினிப் பன்றியிலிருந்து மனுஷனுக்கு வந்து சேர்ந்தது.

8/
1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியல் பேராசிரியர், ரோசா என்ற இயற்பியலாளரோட சேர்ந்து ஒரு பெட்டி அறை கட்டினார். ஒரு ஆள் உள்ளே நாள்கணக்கில் தங்கணும். கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் உண்டு. சாப்பாடு ஒரு சின்னத் திறப்பு வழியா போகும். உடம்பு வெளிவிடும் வெப்பத்தைக் குழாய்ல ஓடுற தண்ணி இழுத்துக்கும். அந்தத் தண்ணி எவ்வளவு சூடாச்சுன்னு அளந்தா, ஆள் எவ்வளவு சக்தி செலவழிச்சார்னு தெரிஞ்சிடும்.

9/
பிஸ்கட் பாக்கெட் பின்னாடி இன்னிக்கும் இருக்கே ஒரு கணக்கு: மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. அது அட்வாட்டர் விட்டுப்போனதுதான். (நாம பேச்சுல சொல்ற ஒரு கலோரி என்பது, ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான வெப்பம்.) அதைவிடப் பெரிய விஷயம், அந்த அறைக்குள்ள இருந்த மனுஷனுக்கும் வரவும் செலவும் ஒத்துப்போச்சு. நீராவி எஞ்சினுக்கு என்ன விதியோ, அதே விதிதான் நமக்கும்.

10/
ஆகவே, "நான் காத்தைக் குடிச்சாலே குண்டாகிடுறேன் டாக்டர்" என்பது விஞ்ஞானப்படி முடியாத காரியம். தைராய்டு குறைஞ்சிருந்தாலும், சில மாத்திரைகள் சாப்பிட்டாலும் செலவு குறையலாம், பசி கூடலாம், உடம்புல நீர் சேரலாம். ஆனா வரவே இல்லாம கொழுப்புச் சேமிப்பு ஏறாது. இது முதல் பாதி உண்மை. இதை மறுக்கிற எந்த "அதிசய டயட்"டையும் நம்பாதீங்க.

11/
கணக்கு ஆய்வகத்துல இருந்த வரைக்கும் பிரச்சினை இல்லை. 1918ல லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர் லுலு ஹண்ட் பீட்டர்ஸ் அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். ரொட்டித் துண்டு என்று சொல்லாதீங்க, நூறு கலோரி ரொட்டி என்று சொல்லுங்கன்னு பழக்கினார். அவரே பருமனா இருந்து குறைச்சவர். நகைச்சுவையா எழுதின அந்தப் புத்தகம் 1924, 1925 ரெண்டு வருஷமும் அமெரிக்காவில் கதை அல்லாத புத்தகங்களில் விற்பனையில் முதலிடம்.

12/
அது முதல் உலகப் போர் நேரம். உணவுப் பதுக்கல் தேசத் துரோகம் என்ற பேச்சு எங்கும். உடம்பில் கொழுப்பு சேர்த்து வெச்சிருப்பதும் ஒரு வகைப் பதுக்கல்தான் என்ற தொனி அந்தப் புத்தகத்தில் உண்டு. இங்கேதான் ஒரு விபரீதம் ஆரம்பிக்குது. கணக்கு தப்பினா அது வெறும் கணக்குப் பிழை இல்லை, ஆளோட ஒழுக்கத்துலயே பிழை என்ற எண்ணம் ஒட்டிக்கிச்சு. நூறு வருஷம் ஆகியும் அது நம்ம கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் கூடவே வருது.

13/
இப்போ 1944. இரண்டாம் உலகப் போர். ஐரோப்பா பசியில் கிடக்கு. போர் முடிஞ்சதும் கோடிக்கணக்கான எலும்பும் தோலுமான மக்களுக்குச் சோறு போடணும். எவ்வளவு போடணும், எப்படிப் போடணும், பட்டினி கிடந்த உடம்பு எப்படி மீளும்? யாருக்கும் தெரியாது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் பேராசிரியர் இதைச் சோதிச்சுப் பார்த்துடலாம்னு முடிவெடுத்தார்.

14/
சோதனைக்கு ஆள் வேணுமே? போரில் ஆயுதம் தூக்க மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் மறுத்த இளைஞர்கள் அமெரிக்காவில் இருந்தாங்க. அவங்களுக்குப் பொதுச்சேவை முகாம்களில் மாற்று வேலை கொடுத்திருந்தாங்க. மத்தவங்க போர்முனையில் சாகும்போது நாம மரம் வெட்டிக்கிட்டு இருக்கோமேன்னு பலருக்கு உறுத்தல். பசித்தவனுக்காகப் பட்டினி கிடக்கத் தயாரான்னு கேட்டதும் முன்வந்தாங்க. உடலும் மனசும் திடமா இருந்த 36 பேரைத் தேர்ந்தெடுத்தாங்க.

15/
இடம்: மினியாபொலிஸ் நகரில் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் படிக்கட்டுக்குக் கீழே இருந்த ஆய்வகம். 1944 நவம்பரில் ஆரம்பம். முதல் 12 வாரம் வயிறாரச் சாப்பாடு, நாளுக்கு 3,200 கலோரிக்கு மேல. அப்புறம் 1945 பிப்ரவரியிலிருந்து 24 வாரம் அரைப்பட்டினி, சராசரியா 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, முட்டைக்கோஸ், கருப்பு ரொட்டி, மக்ரோனி. அன்னிக்கு ஐரோப்பாவில் கிடைச்ச பஞ்ச உணவு. ஒரு நாளைக்கு ரெண்டே வேளை. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கணும்.

16/
"1,570 கலோரியா? எங்க ஜிம் மாஸ்டர் 1,200தானே கொடுத்திருக்கார்!" என்று சிலர் நினைப்பீங்க. அவசரப்பட வேண்டாம். அவங்க குண்டானவங்க இல்லை. சராசரியா 69 கிலோ எடையுள்ள, தினமும் உழைக்கிற இளைஞர்கள். உயரம் குறைந்த, உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு 1,500 கலோரி பட்டினி ஆகாது. ஆனா உடம்பு செலவழிப்பதில் பாதியை மட்டும் கொடுத்தா என்ன நடக்கும்? அதுதான் இங்கே கேள்வி.

17/
நடந்தது இது. எடை கால் பங்கு குறைஞ்சு 53 கிலோவுக்கு வந்தது. அது எதிர்பார்த்ததுதான். நிமிஷத்துக்கு 55 இருந்த நாடித்துடிப்பு 40க்கும் கீழ போச்சு. கோடை வெயில்ல கம்பளி கேட்டாங்க. படியேறினா மூச்சு வாங்கிச்சு. முடி கொட்டிச்சு, கால் வீங்கிச்சு. பெண்கள் மேல இருந்த நாட்டமே போச்சு. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைஞ்சது.

18/
இதைக் கொஞ்சம் நின்று கவனிங்க. உடம்பு சிறுத்ததால செலவு குறையும், சரி. ஆனா மிச்சமிருந்த ஒவ்வொரு கிலோ தசையும் முன்னைவிடச் சிக்கனமா எரிய ஆரம்பிச்சது. சோதனை முடியும் வாரங்களில் அதே 1,570 கலோரிதான், ஆனா எடை குறையறது ஏறக்குறைய நின்னே போச்சு. 3,200க்கு மேல செலவழிச்ச உடம்பு, பாதியில குடும்பம் நடத்தக் கத்துக்கிச்சு. வருமானம் பாதியான வீட்டுல விளக்கை அணைச்சு, பண்டிகையைத் தள்ளிவெச்சு, இருக்கிறதை வெச்சு ஓட்டுற மாதிரி.

19/
மனசுல நடந்தது அதைவிடக் கொடுமை. அரசியலும் தத்துவமும் பேசின பசங்க சாப்பாட்டைத் தவிர வேற எதுவும் பேசல. சமையல் குறிப்புப் புத்தகங்களை நாவல் மாதிரி படிச்சாங்க. சேகரிச்சாங்க. தட்டை நக்கினாங்க. ஒரு வாய் சோற்றை நீட்டி நீட்டி ரெண்டு மணி நேரம் சாப்பிட்டாங்க. ஒருத்தர் ஒரு நாளைக்கு 40 பாக்கெட் வரைக்கும் சூயிங் கம் மென்றார். காபியை ஒன்பது கப்போட நிறுத்தச் சொல்லி விதி போட வேண்டியதாச்சு.

20/
வெளியே போய் வர முதல்ல சுதந்திரம் இருந்தது. ஒருத்தர் ஊருக்குள்ள போய்த் திருட்டுத்தனமா சாப்பிட்டது தெரிஞ்சதும், துணை இல்லாம யாரும் வெளியே போகக்கூடாதுன்னு ஆச்சு. எரிச்சல், அழுகை, மனச்சோர்வு. மீட்புக் கட்டத்துல ஒருத்தர் விறகு வெட்டும்போது கோடரியால தன் கைவிரல்கள் மூன்றை வெட்டிக்கிட்டார். வேணும்னே செஞ்சாரா, தவறிப்போச்சான்னு அவருக்கே பின்னால சொல்லத் தெரியல. 36 பேரில் 32 பேர்தான் பட்டினிக் கட்டத்தை முழுசா முடிச்சாங்க.

21/
யார் இவங்க? கொள்கைக்காக ஊர் உலகத்தோட ஏச்சையே தாங்கினவங்க. கோழைன்னு திட்டினாலும் துப்பாக்கி தூக்காதவங்க. மனவுறுதின்னா என்னன்னு இவங்ககிட்டதான் கேட்கணும். அவங்களுக்கே சோத்து நினைப்பு தலையைத் தின்னுச்சுன்னா, ஆபீஸ் முடிஞ்சு வந்து நாலு பேருக்குச் சமைச்சுட்டு, தான் மட்டும் ஓட்ஸ் கஞ்சி குடிக்கிற ஒரு அம்மாவைப் பார்த்து "உனக்குக் கட்டுப்பாடு இல்லை"ன்னு சொல்ல நாம யாரு?

22/
அடுத்த அதிர்ச்சி சாப்பாடு திரும்பக் கிடைச்சபோது. முதல் 12 வாரம் அளந்துதான் கொடுத்தாங்க. அதிலும் கம்மியா கொடுத்த குழு மீளவே இல்லை. அப்புறம் சிலருக்குக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. நாளுக்கு 5,000, சில நாள் 10,000 கலோரி வரைக்கும் சாப்பிட்டாங்க. வயிறு வெடிக்கிற மாதிரி நிறைஞ்சும் பசி அடங்கல. எடை திரும்புச்சு. ஆனா கொழுப்பு முதல்ல, தசை மெதுவா. கடைசியில முன்பு இருந்ததைவிட அதிகக் கொழுப்போட நின்னாங்க.

23/
1997ல அப்துல் துல்லு என்ற ஆய்வாளரும் குழுவும் அந்தப் பழைய அளவுகளை எடுத்துத் திரும்ப ஆராய்ந்தாங்க. இழந்த கொழுப்பு முழுசா திரும்பினதுக்கு அப்புறமும், இழந்த தசை திரும்புற வரைக்கும் பெரும்பசி தொடர்ந்திருக்கு. அந்த இடைவெளியில சாப்பிட்டதெல்லாம் உபரிக் கொழுப்பா சேர்ந்தது. "பத்து குறைச்சு பன்னிரண்டு ஏறிச்சு" என்ற நம்ம ஊர்ப் புலம்பலுக்குப் பின்னால இருக்கிற விஷயங்களில் இதுவும் ஒண்ணு. பட்டினி டயட்ல தசையும் கரையுது. உடம்பு அதைக் கேட்டு நச்சரிக்குது.

24/
கீஸ் 1950ல இதையெல்லாம் ரெண்டு பாகமா, 1,300 பக்கத்துக்கு மேல எழுதி வெளியிட்டார். அதுக்கு எட்டு வருஷம் கழிச்சு, 1958ல, மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற நியூயார்க் மருத்துவர் ஒரு சின்னக் கட்டுரையில் ஒரு பவுண்டு உடல் எடைக்கு 3,500 கலோரி என்று கணக்குச் சொன்னார். அது "தினமும் 500 குறை, வாரம் அரைக் கிலோ குறையும்" என்று வாய்ப்பாடா பரவிச்சு. ரெண்டில் எது நிலைச்சது? சின்னக் கணக்குதான்.

25/
அந்த வாய்ப்பாட்டை அப்படியே நீட்டிப் பாருங்க. தினமும் 500 கலோரி குறைச்சா மூணு வருஷத்துல சுமார் 70 கிலோ குறையணும். 70 கிலோ ஆளுக்கு அப்புறம் மிச்சம் என்ன இருக்கும், சட்டை மட்டும்தான்! நிஜத்தில், எடை குறையக் குறையச் செலவும் குறைஞ்சு, ஒரு கட்டத்துல தராசு நின்னுடும். "நாலாவது மாசத்துலேர்ந்து முள்ளே அசையல" என்று வருத்தப்படுறீங்களே, அது உங்க தோல்வி இல்லை. எதிர்பார்க்க வேண்டிய கட்டம்.

26/
பசிக்குப் பின்னால யார் இருக்காங்கன்னு 1994ல ஒரு துப்பு கிடைச்சது. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டின் மரபணுவைக் கண்டுபிடிச்சது. நம்ம கொழுப்பு அணுக்கள் சும்மா கிடக்கிற மூட்டை இல்லை, மூளைக்குத் தகவல் அனுப்புற ஹார்மோன் தொழிற்சாலை. கொழுப்பு குறைஞ்சா லெப்டின் குறையும். மூளை அதை "பஞ்சம் வந்துடுச்சு"ன்னு படிக்கும். பசியை ஏத்தும், செலவை இறக்கும். நீங்க மகள் கல்யாணத்துக்காகத்தான் இளைக்கிறீங்கன்னு மூளைக்குத் தெரியாது.

27/
2016ல இன்னொரு ஆதாரம். "தி பிக்கஸ்ட் லூசர்" என்ற அமெரிக்க டிவி போட்டி. கடும் டயட், நாளெல்லாம் உடற்பயிற்சி. கெவின் ஹால் குழு அதில் கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சுப் பரிசோதிச்சது. 30 வாரத்துல சராசரியா 58 கிலோ குறைச்சிருந்தாங்க. அதில் 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. ஆறு வருஷம் கழிச்சும் அவங்க உடம்பு, இருக்க வேண்டியதைவிட நாளுக்கு சுமார் 500 கலோரி குறைவாகவே எரிச்சது.

28/
"அப்போ என்ன செஞ்சாலும் பிரயோஜனம் இல்லையா?" இல்லை, இல்லை. அதே போட்டியாளர்களை ஆராய்ந்தபோது, குறைச்ச எடையை ஓரளவு காப்பாத்திக்கிட்டவங்க யாருன்னும் தெரிஞ்சது. பிற்பாடும் உடல் உழைப்பை நல்லா கூட்டி வெச்சிருந்தவங்க. எடையைக் குறைக்கிறதுல சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு. குறைச்சதைக் காப்பாத்துறதுல உழைப்புக்குப் பெரிய பங்கு. ரெண்டு மேஜைக்கரண்டி எண்ணெயைக் குறைச்சா கிட்டத்தட்ட ஒரு மணி நேர வேக நடையின் கலோரி மிச்சம். ஆனா நடை தர்ற மத்த நன்மைகளை எண்ணெய் குறைப்பு தராது.

29/
அந்த மத்த நன்மைக்கு ஒரு பஸ் சாட்சி. 1953ல ஜெர்ரி மோரிஸ் குழு லண்டன் மாடி பஸ்களை ஆராய்ந்தது. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் தினமும் நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்குவார். ஒரே கம்பெனி, ஒரே தெரு. ஆனா மாரடைப்பு ஓட்டுநர்களுக்குத்தான் அதிகம். அப்புறம் சீருடை அளவையும் பார்த்தாங்க. ஓட்டுநர்களோட இடுப்பளவு இளவயசுலேயே பெருசு. அப்போ ஆளே வேற ரகமோ என்ற சந்தேகம் வந்தது. இடுப்பளவைக் கணக்கில் எடுத்த பிறகும் நடத்துநர்களுக்கு இருந்த பாதுகாப்பு முழுசா மறையல.

30/
இன்னொரு சாட்சி நம்ம நாட்டுல. 1956ல ஜீன் மேயர் குழு கல்கத்தா பக்கத்துச் சணல் ஆலையில் 213 தொழிலாளர்களைப் பார்த்தது. மூட்டை சுமக்கிறவர் அதிகம் சாப்பிட்டார், அதுக்கேற்ற உழைப்பு. லேசான வேலைக்காரர் கம்மியா சாப்பிட்டார். ஆனா நாள் பூரா உட்கார்ந்திருந்த கடைக்காரரும் மேற்பார்வையாளரும்? உழைப்பு ரொம்பக் கம்மி, சாப்பாடு மட்டும் சுமைதூக்குகிறவருக்கு இணை! எடையும் அதிகம். ஒரு அளவுக்குக் கீழ அசையாம இருந்தா, பசி தன் அளவையே மறந்துடுதுன்னு மேயர் காட்டினார்.

31/
சாப்பாட்டின் ரகமும் பசியை ஏமாத்தும். 2019ல ஹால் குழு 20 பேரை ஆய்வகத்துலேயே தங்கவெச்சது. ரெண்டு வாரம் பாக்கெட் ரகத் தொழிற்சாலை உணவு, ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச உணவு. எது வேணுமோ, எவ்வளவு வேணுமோ சாப்பிடலாம். பாக்கெட் உணவுக் காலத்துல நாளுக்கு சுமார் 500 கலோரி கூடுதலா சாப்பிட்டாங்க, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினாங்க. மற்ற ரெண்டு வாரத்துல அதே அளவு இறங்கினாங்க. ஆள் அதே ஆள்தான். மாறினது தட்டு.

32/
எடை மெஷின் பற்றி ஒரு வார்த்தை. பி.எம்.ஐ. என்ற பெயரை 1972ல வெச்சது அதே ஆன்செல் கீஸ் குழுதான். சூத்திரம் 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியக் கணித அறிஞர் கெட்லேயோடது. 2004ல புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கினும் அருகருகே நின்னு ஒரு படம் வெளியிட்டாங்க. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! அதனாலதான் நமக்கு 23லேயே எச்சரிக்கை மணி. இடுப்புச் சுற்றளவையும் பாருங்க: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள்.

33/
இப்போ 400 வருஷத்தைச் சுருட்டிக் கையில எடுத்துப்போம். வரவு செலவுக் கணக்கு உண்மை. ஆனா அந்தக் கணக்கில் செலவு நிலையா நிக்காது. வரவைக் குறைச்சா உடம்பு செலவைக் குறைக்கும், பசியை ஏத்தும். பஞ்சத்தில் நம்ம முன்னோரைக் காப்பாத்தின குணம் அது. அதோட சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. சத்தம் போடாம, அதை எழுப்பாம, மெதுவா நகர்த்தணும்.

34/
எப்படி? ஒரு மாசத்துல பத்து கிலோ என்ற விளம்பரங்களை விடுங்க. ஆறு மாசத்துல இப்ப இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம். 80 கிலோன்னா 4 முதல் 8 கிலோ. டீயில் சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம், பாக்கெட் நொறுக்கு, குளிர்பானம் முதல்ல வெளியே. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்துல காயும் பருப்பும். ஒவ்வொரு வேளையும் பயறு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று ஏதாவது ஒரு புரதம். தசையைக் காப்பாத்தினா பசியும் கொஞ்சம் அடங்கும்.

35/
வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் வேக நடை. வாரம் ரெண்டு நாள் தசைக்கான பயிற்சி. ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில உட்கார்ந்து எழுறது, சுவரில் கை ஊன்றித் தள்றது, தண்ணிக் குடம் தூக்குறதுகூடப் போதும். முள் நின்னுடுச்சா? இன்னும் பட்டினி போடாதீங்க. அங்கேயே மூணு மாசம் நில்லுங்க. ஏறாம இருக்கிறதே பெரிய வெற்றி.

36/
முள் அசையாட்டி பலனே இல்லைன்னும் நினைக்காதீங்க. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை மூணு வருஷம் தொடர்ந்து பார்த்து 2006ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. உணவையும் நடையையும் மாத்தினவங்களுக்குச் சர்க்கரை நோய் வர்றது 28.5 சதவீதம் குறைஞ்சது. அவங்க எடையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை! தராசு காட்டாததையும் உடம்பு வரவு வெச்சுக்குது.

37/
சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுக்கிறவங்க, சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க, கர்ப்பிணிகள், வயசானவங்க, வளரும் பிள்ளைகள் தானாக டயட் ஆரம்பிக்காதீங்க. மருத்துவரிடம் கேளுங்க. உடல் பருமன் ரொம்ப அதிகமா இருக்கிறவங்களுக்கு இப்போ பசியை அடக்கும் ஊசிகளும் அறுவை சிகிச்சையும் இருக்கு. அதை நாடுறது குறுக்குவழி இல்லை. பசி என்பது உடல்கூறு சம்பந்தப்பட்டதுன்னு ஒத்துக்கிட்டா, அதுக்கு மருந்து கேட்கிறதுல என்ன வெட்கம்?

38/
அந்த 36 பேருக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. சோதனை முடியறதுக்குள்ள போரே முடிஞ்சு போச்சு. ஆனா நிவாரணப் பணியாளர்களுக்காக ஒரு கையேடு 1946ல வந்தது. அறுபது வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்களில் 18 பேரைப் பேட்டி எடுத்தாங்க. அவ்வளவு அனுபவிச்சும், மறுபடி கேட்டா மறுபடி போவோம் என்ற மனநிலையிலதான் இருந்தாங்க.

39/
அவங்க யாருக்காகப் பட்டினி கிடந்தாங்களோ அந்த மக்களுக்கு முழுப் பலன் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, இன்னிக்கு நமக்குச் சேர வேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுல யாராவது எடையைக் குறைச்சுத் திரும்ப ஏத்தியிருந்தா, அடுத்த தடவை தட்டைப் பார்த்து முணுமுணுக்காதீங்க. "சாயங்காலம் ஒரு நடை போயிட்டு வருவோமா?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு, நீங்களும் செருப்பை மாட்டுங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க.